ஏரியா சபா கூட்டத்துக்கு வெறுங்கையோட போகாதீங்க

கிராம சபைன்னா எல்லாருக்கும் தெரியும். ஆனா சிட்டில இருக்கறவங்களுக்கும் அதே மாதிரி ஏரியா சபான்னு ஒண்ணு இருக்குங்கறது எங்க தெருவுல பாதி பேருக்கு இன்னும் தெரியாது. பெரிய ஊர்கள்ல வார்டு கமிட்டி வைக்கணும்னு சொன்ன 74வது அரசியல் சட்டத் திருத்தம் 1993லயே அமலுக்கு வந்தாச்சு, ஆனா நம்ம தமிழ்நாட்டுல அந்த கமிட்டிக்கும் அதுக்குக் கீழ வர்ற ஏரியா சபாவுக்கும் விதிகள் வந்தது 2022லதான். அந்த வருஷம் நவம்பர் 1ஆம் தேதி சென்னை பக்கத்துல இருக்கற பம்மல்ல நடந்த கூட்டத்துல முதலமைச்சரே கலந்துகிட்டாரு. சென்னையில 200 வார்டு, ஒவ்வொரு வார்டையும் 10 ஏரியாவா பிரிச்சிருக்காங்க, கவுன்சிலர் தலைமையில கூட்டம் நடக்கும், அந்த ஏரியா வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கற யாரு வேணா போய் பேசலாம்.

பேசலாம், சரி. ஆனா என்ன பேசறது? நான் பார்த்த வரைக்கும் கூட்டத்துக்கு வர்றவங்க "ரோடு சரியில்ல, குப்ப எடுக்கறதில்ல, நாய்த் தொல்லை"ன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டு போயிடறாங்க, அதிகாரி "பாக்கறோம்"னு எழுதிக்கிறாரு, அவ்ளோதான், அடுத்த தடவ கூப்பிட்டா "போய் என்னத்த ஆகப்போகுது"ன்னு யாரும் வர்றதில்ல. ஜனங்களுக்கு அக்கறை இல்லன்னு சொல்றவங்கள எனக்கு பிடிக்கறதே இல்ல. அக்கறை எல்லாம் நிறையவே இருக்கு, தயார் பண்ணிக்கத்தான் கூட யாரும் நிக்கறதில்ல.

அதனால நாங்க சில பேர் சேர்ந்து, கூட்டத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தெருவ நடந்தே பார்க்கறதுன்னு ஆரம்பிச்சோம். ஒரு சார்ட் பேப்பர்ல தெருவ வரைஞ்சு, மழைக்கு எங்க தண்ணி நிக்குது, எந்த லைட் எரியல, எந்த மேன்ஹோல் மூடி ஆடுதுன்னு குறிச்சுக்கிட்டே போறது. வீட்டு வேலைக்கு போற அக்கா ஒருத்தங்க அவங்க வீட்டு வாசல் சுவத்துல வெள்ளத்தோட கறை படிஞ்சிருந்த இடத்த காமிச்சு "இது வரைக்கும் வந்துச்சுப்பா, கட்டில் மேல உக்காந்திருந்தோம்"னாங்க. என் முழங்காலுக்கும் மேல இருந்துச்சு. அதுக்கு பக்கத்துலயே ஸ்கேல் வச்சு போட்டோ எடுத்துக்கிட்டோம்.

ஆனா தண்ணி ஏன் நிக்குதுன்னு சரியா சொன்னது இஸ்திரி போடற அண்ணன்தான். நாங்க எல்லாரும் வடிகால் தூர் வாரலன்னு நினைச்சுட்டு இருந்தோம். அவரு நாள் முழுக்க அந்த தெருவுலயே நிக்கறவரு, "தூர் எல்லாம் வாரிட்டாங்க தம்பி, கார் ஏத்த ரேம்ப் போட்டாங்கல்ல, அதுல தண்ணி எறங்கற ஓட்டையே அடைஞ்சு போச்சு"ன்னாரு. குனிஞ்சு பார்த்தா, ஆமா, வரிசையா அஞ்சாறு வீட்டு முன்னாடி அப்படியேதான் இருக்கு. அது போதாதுன்னு பழைய ரோட சுரண்டாம மேல மேல போட்டதுல ரோடு வீட்டு வாசல விட ஒசந்து கிடக்கு. இது இன்ஜினியர் வந்து ஒரு ரவுண்டு பார்த்துட்டு போனா தெரியாது, நல்ல மழையில அங்க நிக்கறவங்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்னு, வாடகைக்கு இருக்கறவங்க. நலச்சங்கம்னாலே பெரும்பாலும் சொந்த வீட்டுக்காரங்கதான், வாட்ஸ்அப் குரூப்லயும் அவங்கதான். சுவத்த காமிச்ச அந்த அக்கா எங்ககிட்ட "நாங்க பேசலாமா, வாடகைக்குதானே இருக்கோம்"னு கேட்டாங்க. தாராளமா பேசலாம். ஓட்டு பழைய அட்ரஸ்ல இருந்தா படிவம் 8 குடுத்து மாத்திக்கோங்க, நம்ம பேர் இந்த ஏரியா பட்டியல்ல வந்துடும்.

கேக்கற விதமும் முக்கியங்க. "வடிகால் சரி பண்ணுங்க"ன்னு கேட்டா "பண்றோம்"னு பதில் வரும். அதையே, இந்த இடத்துல இருந்து இந்த இடம் வரைக்கும் அடைஞ்ச ஓட்டைகள திறக்கணும், அடுத்து ரோடு போடறப்ப பழசச் சுரண்டிட்டு போடணும், எப்ப பண்ணுவீங்கன்னு தேதி வேணும்னு மேப்போட, போட்டோவோட எழுதிக் குடுத்தா மினிட்ஸ்ல, அதாவது கூட்டத்தோட பதிவுல ஏறும். அடுத்த கூட்டத்துல மொத வேலையா அந்த மினிட்ஸ படிக்கச் சொல்லுங்க.

இதுக்கு நடுவுல ஒருத்தர் வடிகால் வேலைய அரசோட நமக்கு நாமே திட்டத்துல பண்ணிக்கலாமேன்னாரு. அதுல பொதுவா மூணுல ஒரு பங்கு காச நாம போடணும். பார்க், விளையாட்டு இடம்னா நல்ல திட்டம்தான், நானே குடுப்பேன். ஆனா வெள்ளத்துல கட்டில் மேல உக்காந்திருந்தவங்ககிட்ட வடிகாலுக்கு காசு கேக்கறத என்னால ஏத்துக்க முடியல, அது மாநகராட்சி செய்ய வேண்டிய வேலை.

இப்போதைக்கு ரெண்டு வீட்டுக்காரங்க அவங்களே ரேம்ப வெட்டி வழி விட்டுட்டாங்க. மத்தவங்ககிட்ட பேசிட்டு இருக்கோம். ரோட்டு எஸ்டிமேட்ல சுரண்டற வேலையையும் சேர்த்திருக்காங்களான்னு பார்க்க அதோட காப்பி கேட்டு ஆர்டிஐ போட்டிருக்கோம்.