ழகரத்துக்கு ஆறு அழுத்து

களியக்காவிளையில் குடியிருந்துகொண்டு தமிழ்நாடு-கேரள எல்லையின் இருபுறமும் திருமண வீடுகளில் கீபோர்டு வாசிக்கிறவன் நான். காலையில் மார்த்தாண்டத்தில் தமிழ்ப் பாடலுக்கும் மாலையில் பாறசாலையில் மலையாளப் பாடலுக்கும் வாசிக்க நேர்வதால், ஒவ்வொரு பாடலுக்கும் உரிய டோன் (ஒலிவகை), ஸ்டைல் (பின்னணித் தாளம்), டெம்போ (வேகம்), சுருதி ஆகியவற்றைத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் நெடுநாள்வரை இயந்திரம் தானாக இட்ட பெயர்களையே விட்டுவைத்திருந்தேன், கடைசி எண் மட்டும் மாறும் ஏராளமான கோப்புகளுக்கு முன்னால் நின்று, "பாட்டு எங்க மக்கா?" என்று பாடகர் கேட்கும்போதெல்லாம் விழித்திருக்கிறேன்.

ஒரு மழைநாளில் எல்லாவற்றுக்கும் பெயரிட உட்கார்ந்தேன். என் கீபோர்டில் தமிழ் எழுத்து கிடையாது. திரைக்குக் கீழுள்ள பொத்தான்களில், பழைய பட்டன் கைபேசியைப் போல, ஒரு பொத்தானுக்கு மூன்று நான்கு ஆங்கில எழுத்துகள் வீதம் அடுக்கியிருக்கிறார்கள். 'வாழ்க' என்று எழுத முனைந்தபோதுதான் அதன் பாடு தெரிந்தது. ழகரத்துக்கு நாம் எழுதும் இசட், எச் என்னும் இரண்டெழுத்துக்கே ஆறு அழுத்து; அடுத்து வரும் ஜி எழுத்தும் எச் இருக்கும் அதே பொத்தானில் இருப்பதால், கர்சரை ஓர் இடம் நகர்த்தாமல் அழுத்தினால் எச் மறைந்து ஐ வந்துவிடுகிறது. இப்படிப் பாடுபட்டு எழுதிய முதல் பெயரை, ஓகே கொடுக்க வேண்டிய இடத்தில் வெளியேறும் பொத்தானை அழுத்தி மொத்தமாக இழந்தேன்.

தாளத்தையும் பெயரில் சேர்க்க விரும்பினேன். 6/8 என்று எழுதப் பார்த்தால் சாய்கோடு கிடைக்கவில்லை. முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போல அதுவும் கோப்புப் பெயரில் விலக்கப்பட்ட குறி. சரி என்று 68 என எழுதி வைத்தேன். அடுத்த வாரமே பாறசாலைப் பந்தலில், என் பட்டியலில் 68ஆம் எண் பாடல் என்று நினைத்து அந்தக் கோப்பைத் திறந்துவிட்டேன்; மணப்பெண் நடந்து வரும் வேளையில் குதியாட்டத் தாளம் புறப்பட்டது. இப்போது நடுவில் சிறுகோடிட்டு 6-8 என்று எழுதுகிறேன்.

பெயரின் தொடக்கத்தில் எண், பிறகு சுருதியைக் குறிக்கும் கட்டை, அதன்பின் பாடலின் முதற்சொல் என்பதே எனக்கு ஒத்துவந்த முறை. எண்ணை 002 என்று மூன்று இலக்கமாக இடவேண்டும். வெறும் 2 என்று இட்டால் எழுத்து வரிசைப்படி 10 அதற்கு முன்னால் போய் நிற்கும்.

பாதி வழியில் சலித்துப்போய், மீதியைப் பென்டிரைவில் ஏற்றிக் கணினியில் பெயர் மாற்றினேன். வேலை விரைவாகத்தான் முடிந்தது. ஆனால் ஆசையாகத் தமிழில் எழுதிய பெயர்கள் கீபோர்டில் புரியாத குறிகளாகத் தெரிந்தன. புள்ளிக்குப் பின்னுள்ள கோப்பு வகை எழுத்துகளைத் தவறுதலாக அழித்துவிட்ட இரண்டு கோப்புகள் பட்டியலிலேயே தென்படவில்லை. அவ்வெழுத்துகளைத் திரும்பச் சேர்த்ததும் வந்துவிட்டன.

மூன்று கோப்புகள் மட்டும் இன்னும் பழைய பெயரிலேயே கிடக்கின்றன. எந்தப் பாடலுக்காக வைத்தவை என்பது வாசித்துப் பார்த்தும் நினைவுக்கு வரவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.