உயிரோடு ஒரு சுறா

பாம்பனில் கரைக்கு வந்த சுறாவைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஏலத்துக்கு முன் மணலில் கிடக்கும்; தடவினால் உப்புத்தாள் மாதிரி விரலை உரசும். பிள்ளை பெற்ற வீட்டுக்குச் சுறாப்புட்டு போகும். உயிரோடு ஒன்றைப் பார்க்க மாலத்தீவின் ஃபுவாமுலா வரை போகவேண்டியிருந்தது.

அந்த நாட்டில் 2010இல் சுறா பிடிக்கத் தடை போட்டார்கள். துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே புலிச்சுறாக்கள் திரிகின்றன. சிலிண்டரோடு இறங்கிக் கடலடியில் காத்திருந்தோம். மழுங்கின மூக்கோடு, அவசரமே இல்லாமல் ஒன்று வந்தது. விலாவில் மங்கிய வரிகள், வயிற்றுக்கடியில் இரண்டு ஒட்டுமீன்கள். என்னைக் கடக்கும்வரை அந்தப் பெரிய கருங்கண் என்மேலேயே இருந்தது. என் மூச்சுக் குமிழிச் சத்தம் மட்டும் கேட்டது.

ஊருக்கு வந்ததும் அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். முப்பது வருடம் மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்தவர். சிலிண்டர் எல்லாம் கிடையாது; கண்ணாடியை மாட்டி, விரல்களில் துணி சுற்றி, மூச்சைப் பிடித்து முங்குவார்.

“ஒண்ணும் செய்யலையாப்பா?”

“இல்லம்மா, பாத்துட்டுப் போயிருச்சு.”

“நம்ம தீவுப் பக்கம் என்னையும் ஒண்ணு அப்படித்தான் பாத்துட்டுப் போச்சு. நீங்க பயப்படுவீங்கன்னு சொல்லல.”