ஒரு ஓரம் மட்டும் ஒட்டாத அட்டை

பெட்டி செய்யும் நெளி அட்டையைத் தயாரிக்கும் எங்கள் கரகேட்டர் இயந்திரம் நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டே கெட்ட அட்டையைத் தள்ளியது. வேகத்தைக் கூட்டினால் ஒரு ஓரத்தில் நெளிதாளும் அதன்மேல் ஒட்டும் தட்டையான லைனர் தாளும் இழுத்த மாத்திரத்தில் பிரிந்தன. மறு ஓரத்திலோ நார் கிழிந்து வரும் அளவுக்கு நல்ல பிடிப்பு. உற்பத்திப் பிரிவு பசையைக் குற்றம் சொன்னது. பசை கலப்பவர் தாளைக் குற்றம் சொன்னார்.

பசை என்பது ஸ்டார்ச். ஏறத்தாழ 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால்தான் அது கூழாகிப் பிடிக்கும். பிரிந்த இடத்தில் பசைக் கோடுகள் வெள்ளையாக, பொடிப்பொடியாக உதிர்ந்தன. கலவையின் திடப்பொருள் அளவையும் தாளின் ஈரத்தையும் சோதித்தோம், இரண்டும் சரி. பிறகு அயோடின் கரைசலைத் தெளித்தோம். ஸ்டார்ச் இருக்கும் இடம் கருநீலமாகும். கோடுகள் இரு ஓரங்களிலும் ஒரே அகலத்தில் தெரிந்தன. பசை சமமாகத்தான் விழுகிறது. மிச்சம் இருந்தது, தாளைச் சூடேற்றும் ரோலர்களின் வெப்பம்.

பளபளக்கும் ரோலரை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளந்து முடிவெடுக்காதீர்கள் என்று இந்த வேலைக்குப் புதிதாக வரும் எல்லோரிடமும் சொல்கிறேன். மெருகேறிய உலோகம் வெப்பக் கதிர்களைக் குறைவாகவே வெளிவிடும். கருவி உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். சுழலும் பரப்பைத் தொட்டு அளக்கும் வெப்பமானியையே எடுத்துக்கொண்டோம். ரோலரை உள்ளிருந்து சூடேற்றும் நீராவி 10 பார் அழுத்தத்தில் சுமார் 184 டிகிரியில் இருக்கும். ரோலரின் மேற்பரப்பு அதைவிடச் சற்றே குறையலாம். ஆனால் முன்சூடேற்றும் ரோலரின் ஒரு முனை மட்டும் வெகுவாகக் குளிர்ந்திருந்தது.

நீராவி தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு ரோலருக்குள்ளேயே தண்ணீராகிறது. அந்தத் தண்ணீர், அதை வெளியே எடுக்கும் சைஃபன் குழாயில் ஏறி, நீராவியைத் தடுத்துத் தண்ணீரை மட்டும் விடும் ஸ்டீம் டிராப் வழியாக வெளியேற வேண்டும். தங்கிவிட்டால், வேகம் கூடும்போது உட்சுவரில் படலமாக ஒட்டிச் சுழன்று வெப்பத்தை மறிக்கும். டிராப்பின் வடிகட்டியில் துரு அடைத்திருந்தது. சுத்தம் செய்த பிறகும் பிடிப்பு கிடைத்தது குறைந்த வேகத்தில் மட்டும்தான்.

"இந்த ஆர்டர் போகட்டும் சார், வேகத்தைக் குறைத்தே ஓட்டிக்கொள்கிறோம்" என்றார் ஷிப்ட் மேற்பார்வையாளர். அவருடைய நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. அதே சமயம் எங்கள் மூத்த ஃபிட்டர் மோட்டாரின் ஆம்பியர் அளவு ஓரிடத்தில் நிற்காமல் ஏறி இறங்குவதைக் காட்டினார். உள்ளே தேங்கிய தண்ணீர் சுவரோடு மேலேறி, ஒட்டி நிற்க முடியாமல் சரிந்து விழும்போது மோட்டாருக்குச் சுமை அப்படித்தான் மாறும். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ரோலரைத் திறக்க அனுமதி வாங்கினேன்.

திறப்பதற்கு முந்தைய வேலையில் யார் அவசரப்படுத்தினாலும் நான் இறங்கிப் போவதில்லை. நீராவி வால்வை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, யாரும் அவற்றை மீண்டும் திறந்துவிடாதபடி வேலை செய்யும் ஒவ்வொருவரும் தத்தம் பூட்டைப் போட வேண்டும். அழுத்தமானியின் முள் பூஜ்யத்தில் நின்றால் போதாது. வடிகால் வால்வைத் திறந்து, எதுவும் சீறி வரவில்லை என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதன் பிறகும் ரோலர் ஆறும்வரை காத்திருந்தோம்.

சைஃபனின் தாங்கி தளர்ந்து, அதன் முனை சுவரிலிருந்து விலகிப் போயிருந்தது. சில மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்க வேண்டும். அதற்குமேல் விலகினால் அந்த ஆழத்துக்குத் தண்ணீர் நிரந்தரமாகத் தங்கிவிடும். தாங்கியை மாற்றி இடைவெளியைச் சரிசெய்தோம். ரோலரை மெதுவாகச் சுழலவிட்டபடியே நீராவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தோம். முழு வேகத்தில் வந்த அட்டையை மேற்பார்வையாளரே இரு ஓரங்களிலும் கிழித்துப் பார்த்தார். இரண்டிலும் நார் கிழிந்தது.

திட்டமிட்ட ஒவ்வொரு நிறுத்தத்திலும் சைஃபன் இடைவெளியை அளப்பது இப்போது எங்கள் பராமரிப்பு அட்டவணையில் இருக்கிறது. ரோலரின் இரு முனை வெப்பத்தை ஷிப்ட் பதிவேட்டில் எழுதும் பொறுப்பை அந்த மேற்பார்வையாளர் தாமாகவே கேட்டு வாங்கிக்கொண்டார்.