மின்னணுவியலிலிருந்து வீட்டு வயரிங்கிற்கு

மின்னணுவியல் பொறியியல் படித்து, 5 வோல்ட் சுற்றுகளோடு பல ஆண்டுகள் பணியாற்றிய நான், இப்போது காரைக்குடியில் வீட்டு எலக்ட்ரீஷியனாகச் சுயதொழில் செய்கிறேன். ஓம் விதி இரண்டுக்கும் பொதுவானதுதான். ஆனால் 230 வோல்ட்டில் வேலை செய்யும் கைப்பழக்கத்தைப் பட்டம் தருவதில்லை என்பதால், மூத்த எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து கற்றேன்.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டில், கம்பிகள் ஓடும் தேக்குச் சட்டத்தின் மூடியைக் கழற்றியபோது, ரப்பர் உறை விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்து செம்பு வெளியே தெரிந்தது. அதைவிட அபாயமானது, எர்த் கம்பியே இல்லாத வீடுகளில் பிளக் பாயிண்டின் எர்த் முனையை நியூட்ரலோடு (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பியோடு) இணைத்து வைத்திருப்பது. நியூட்ரல் எங்காவது அறுந்துவிட்டால், கிரைண்டர் ஓடாது. ஆனால் சுவிட்ச் போட்டிருக்கும்வரை அதன் உலோக உடலில் 230 வோல்ட் ஏறி நிற்கும்.

30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி என்னும் பாதுகாப்புச் சுவிட்ச், எர்த் இல்லாவிட்டாலும், ஆள் வழியாகத் தரைக்குப் பாயும் கசிவை உணர்ந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். முறையான எர்த்தும் இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே துண்டிக்கும். இந்த வேறுபாட்டை வீட்டுக்காரர்களிடம் பொறுமையாக விளக்குவதை என் வேலையின் முதன்மையான பகுதியாகவே கருதுகிறேன்.

இந்தப் பழைய வீடுகளின் மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர்களை வெட்டி வயரிங் குழாய் பதிக்க நான் ஒப்புவதில்லை. அந்தப் பூச்சை மீண்டும் அதே தரத்தில் செய்யும் கொத்தனார் கிடைப்பது அரிது. பழைய சட்டத்தின் வழியிலேயே புதிய செம்புக் கம்பியையும் பச்சை எர்த் கம்பியையும் இழுத்து, கம்பி உறை வழியே மின்சாரம் கசிகிறதா என்று பார்க்கும் 500 வோல்ட் மெகர் கருவியால் காப்புத் தடையைச் சோதித்த பின்னரே இணைப்புக் கொடுக்கிறேன்.