மொஹாவி ரோடு: இரண்டு முறை போட்ட திட்டம்

மொஹாவி ரோடு என்ற பாலைவன மண்பாதையை முழுதாகக் கடக்க எங்கள் குழுவுக்கு இரண்டு பயணங்கள் தேவைப்பட்டன. முதல் முறை சோடா லேக் என்ற வறண்ட ஏரியின் கரையோடு திரும்பிவிட்டோம். அடுத்த முறை கொலராடோ ஆற்றங்கரையில் கிளம்பி, மூன்றாம் நாள் சாயங்காலம் மேற்கு முனையான கேம்ப் கேடி போய்ச் சேர்ந்தோம். இரண்டு முறையும் அதே ஐந்து வண்டிகள், அதே ஆட்கள். திட்டம்தான் வேறு. கூட்டமாகப் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்பதால், எங்கே தவறினோம், பிறகு எப்படித் திருத்தினோம் என்பதை எழுதி வைக்கிறேன்.

பாதையைப் பற்றி முதலில் கொஞ்சம். கலிஃபோர்னியாவின் கிழக்கு எல்லையில், நீடில்ஸ் ஊருக்கு வடக்கே ஆற்றங்கரையில் தொடங்கி, மேற்கே பார்ஸ்டோ பக்கம் வரை ஏறக்குறைய 138 மைல் ஓடும் மண்பாதை இது. மொஹாவி பழங்குடி மக்கள் கடற்கரையோடு வணிகம் செய்ய நடந்து நடந்து உண்டாக்கிய தடம். 1776இல் பாதிரியார் பிரான்சிஸ்கோ கார்செஸும் 1826இல் தோல் வேட்டைக்காரர் ஜெடிடையா ஸ்மித்தும் இதன் வழியாகத்தான் இந்தப் பாலைவனத்தைக் கடந்தார்கள். 1857இல் அரசுக்காகச் சாலை அமைக்க வந்த எட்வர்ட் பீல் ஒட்டகங்களோடு ஆற்றைக் கடந்ததும் இதன் கிழக்கு முனையில்தான். பிறகு ராணுவ வண்டிகள், தபால் என்று நடமாட்டம் இருந்தது. 1883இல் ரயில் பாதை வந்ததும் எல்லாம் அடங்கிப்போனது. 1980களில் டெனிஸ் கேஸ்பியர் என்பவரும் தன்னார்வலர்களும் பழைய தடத்தைத் தேடிப் பிடித்து, வழிநெடுகக் கற்களைக் குவித்து அடையாளம் வைத்தார்கள். இன்றும் சந்தேகம் வரும் ஒவ்வொரு பிரிவிலும் கண் அந்தக் கற்குவியலைத்தான் தேடும்.

முதல் திட்டத்தைப் போட்டவன் நான்தான். 138 மைலை இரண்டால் வகுத்தேன். நாளுக்கு 69 மைல், எட்டு மணி நேர ஓட்டம், மணிக்கு ஒன்பது மைல் கூடவா போக முடியாது என்று கணக்கு. வண்டி ஒன்பது மைல் என்ன, சில இடங்களில் முப்பது மைல்கூடப் போகும். ஆனால் ஐந்து வண்டிகள் சேர்ந்தால் கணக்கே வேறு. ஒருவருக்கு டயரில் காற்றைக் குறைக்க வேண்டும், இன்னொருவர் மேலே கட்டிய பெட்டி அவிழ்ந்துவிடும், பிள்ளைகளுக்கு இறங்க வேண்டும். ஒரு வண்டி நின்றால் ஐந்தும் நிற்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் பத்து நிமிடம் என்று நினைத்தால் அரை மணி எடுக்கும். முதல் பயணத்தில் நிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தபோது எங்கள் சராசரி மணிக்கு ஆறு மைல்தான்.

அதனால் இரண்டாம் நாள் கெல்பேக்கர் ரோட்டை நெருங்கும்போதே பிற்பகல் மூன்றரை. அந்தத் தார்ச்சாலையில் ஏறினால் பேக்கர் ஊர் பக்கம்தான். அது பிப்ரவரி. பத்து நாள் முன்பு மழை பெய்திருந்தது. சோடா லேக் வறண்ட ஏரி என்பார்கள், ஆனால் மேலே வெள்ளையாக உப்புப் படலம் காய்ந்து கிடந்தாலும் அடியில் களிமண் குழைந்திருக்கும். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், "போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்று ஏரிவரை போனோம். முன்னால் போன ஜீப் படலத்தை உடைத்துக்கொண்டு அச்சுவரை இறங்கியது. மண்வாரி, பலகை, கயிறு என்று கையில் இருந்ததையெல்லாம் போட்டு இழுக்க இரண்டரை மணி நேரம். இழுக்கப் போன இரண்டாவது வண்டியும் சிக்கியிருக்கும், அண்ணன் கெட்டியான தரையைவிட்டு இறங்க மறுத்ததால் தப்பித்தோம். இருட்டில் வந்த வழியே திரும்பி, குளிரில் பிள்ளைகளோடு பேக்கர் போய்ச் சேரும்போது மணி பத்தை நெருங்கிவிட்டது.

அந்த ஏரியின் நடுவே பயணிகள் நினைவுக்குவியல் ஒன்று இருக்கிறது. கடந்து போகிறவர்கள் ஆளுக்கொரு கல்லைக் கொண்டுவந்து வைப்பது வழக்கம். எங்கள் பிள்ளைகள் நான்கு பேரும் முதல் நாளே தேடித் தேடி ஆளுக்கொரு கல் எடுத்து வைத்திருந்தார்கள். அந்த நான்கு கற்களும் என் வண்டியின் பின்பெட்டியிலேயே கிடந்தன.

அடுத்த ஆண்டுக்குத் திட்டம் போட உட்கார்ந்தபோது, வரைபடத்தில் மைல் கணக்கை விட்டுவிட்டு ஊற்றுகளைப் பார்த்தேன். பியூட் ஸ்பிரிங், ராக் ஸ்பிரிங், மார்ல் ஸ்பிரிங்ஸ், சோடா ஸ்பிரிங்ஸ். பாதை ஏன் இப்படி வளைந்து வளைந்து போகிறது என்பது அப்போதுதான் புரிந்தது. ஒரு தண்ணீரிலிருந்து அடுத்த தண்ணீர், ஏறக்குறைய ஒரு நாள் நடைத் தூரம். ராணுவம் காவல் முகாம்களை அமைத்ததும் இதே இடங்களில்தான். நடந்தவர்களுக்குத் தண்ணீர் எப்படியோ, வண்டியில் போகும் எங்களுக்கு வெளியேறும் வழி அப்படி. எனவே பாதையைப் பெரிய சாலைகள் வெட்டும் இடங்களாகப் பிரித்தேன்: யுஎஸ் 95 நெடுஞ்சாலை, லான்ஃபேர் ரோடு, கெல்சோ-சிமா ரோடு, கெல்பேக்கர் ரோடு, பிறகு ஐ-15 நெடுஞ்சாலைக்கு ஏறும் பேசின் ரோடு. ஒவ்வொரு வெட்டிலும் வண்டிகளை நிறுத்தி மூன்று கேள்விகள்: மணி என்ன, எரிபொருள் எவ்வளவு, யாருக்காவது முடியவில்லையா? கெல்பேக்கருக்கு மட்டும் கூடுதலாக ஒரு விதி. பிற்பகல் இரண்டு மணிக்குப் பிறகு அங்கே வந்தால் அன்று ஏரிப் பக்கம் போகக் கூடாது. அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் மழை பெய்திருந்தால் ஏரியே வேண்டாம், பேக்கர் வழியாகச் சுற்றிக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து, எல்லோரும் தெளிவாக இருக்கும்போதே முடிவு செய்து எழுதி வைத்தோம். களைத்துப்போய் ஏரிக்கரையில் நிற்கும்போது ஆசைதான் பேசும் என்பதை ஒரு தடவை பார்த்துவிட்டோம்.

மூன்று நாள் என்று முடிவானதும் மற்றதெல்லாம் எளிதாக அமைந்தது. நவம்பர் மாதத்தைத் தேர்ந்தெடுத்தோம். கோடையில் அங்கே சர்வசாதாரணமாக 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும், போகவே கூடாது. ஆனால் நவம்பர் என்றாலும் குளிருக்கு ஆயத்தமாகப் போக வேண்டும். ஆற்றங்கரையில் 500 அடி உயரத்தில் கிளம்பும் பாதை, ராக் ஸ்பிரிங் தாண்டி 5000 அடிக்கு மேல் ஏறி, மறுபடி ஏரியில் 1000 அடிக்குக் கீழே இறங்குகிறது. பகலில் அரைக்கை சட்டை, இரவில் தண்ணீர் உறையும்.

பாதையின் பெரும்பகுதி மொஹாவி தேசியக் காப்பகத்துக்குள் போகிறது. 1994இல் அமைந்த காப்பகம். நுழைவுக் கட்டணம் இல்லை, ஆனால் விதிகள் உண்டு. சாலையில் ஓட்டப் பதிவு செய்த வண்டிகள் மட்டும்தான் போகலாம். முன்பே பலர் தங்கிய இடங்களில்தான் கூடாரம் போட வேண்டும், ஊற்றுகளுக்குப் பக்கத்தில் தங்கக் கூடாது. காட்டு ஆடுகள் தண்ணீர் குடிக்க வருமிடம் அது. பெரிய கூட்டமாகப் போனால் தனி அனுமதி கேட்பார்கள். அதனால் கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பு அலுவலகத்துக்கு ஃபோன் செய்து, எத்தனை வண்டி, எத்தனை பேர், எங்கே தங்கப்போகிறோம் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். தீ மூட்டுவது பற்றிய தடைகள் பருவத்துக்குப் பருவம் மாறுவதால் கிளம்பும் வாரத்தில் மறுபடியும் கேட்டேன். நாங்கள் விறகே கொண்டுபோகவில்லை, கேஸ் அடுப்போடு சரி. 2020 ஆகஸ்டில் காப்பகத்திலுள்ள சிமா டோம் மேட்டில் பிடித்த தீயில் பத்து லட்சத்துக்கும் மேலான ஜோஷுவா மரங்கள் போய்விட்டன. அந்தக் கருகிய காட்டைப் பார்த்தவர்களுக்கு, விறகு வேண்டாம் என்று யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

எரிபொருள்தான் பலரும் தப்புக் கணக்குப் போடும் விஷயம். காப்பகத்துக்குள் பங்க்கே கிடையாது. எங்கள் வண்டிகளில் ஒன்று தார்ச்சாலையில் காலனுக்கு 20 மைல் கொடுக்கும். முதல் பயணத்தில் மணலில் அது 12தான் கொடுத்தது. எனவே இரண்டாம் முறை எல்லோரும் கிளம்பும் காலையில் டேங்க்கை நிரப்பினோம், சின்ன டேங்க் உள்ள இரண்டு வண்டிகள் மட்டும் கூடுதலாக ஐந்து காலன் கேன் எடுத்தன. தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு காலன், அதற்கு மேல் ஒரு முழு நாளுக்கானது கையிருப்பு. அதையும் ஒரே வண்டியில் வைக்காமல் ஐந்திலும் பிரித்து வைத்தோம்.

தொலைபேசி சிக்னல் பெரும்பாலான இடங்களில் இருக்காது. வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள எல்லாவற்றிலும் ஜிஎம்ஆர்எஸ் என்ற வகை ரேடியோ வைத்தோம். அமெரிக்காவில் அதற்கு உரிமம் வேண்டும், தேர்வு எதுவும் கிடையாது, 35 டாலர் கட்டினால் குடும்பத்துக்கே பத்து ஆண்டுக்குச் செல்லும். வாங்கியதோடு நிற்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்து வண்டிகளும் வெளியே போய்ப் பேசிப் பழகினோம். அன்றே டயர் காற்றைக் குறைத்து, மறுபடி ஏற்றவும் பழகிக்கொண்டோம். காற்றழுத்தத்தை 36 பிஎஸ்ஐயிலிருந்து 20க்கு இறக்கினால் மணலில் வண்டி மிதந்து போகும், கற்பாதையில் முதுகும் தப்பிக்கும். இரண்டு கம்ப்ரெசர்கள் இருந்ததால் காற்றேற்றும் நேரம் பாதியானது.

வரிசையை அண்ணன் சொன்னபடி மாற்றினோம். முதல் முறை அனுபவம் அதிகமுள்ளவர் முன்னால் போனார். இந்த முறை அவரும் இழுக்கும் சாமான்களும் கடைசியில். முன்னால் சிக்கினால் பின்னால் இருப்பவர் வந்து உதவலாம், கடைசி வண்டி சிக்கினால் முன்னால் போனவருக்குத் தெரியவே நேரமாகும். கூடவே இன்னொரு பழக்கம்: பிரிவு வரும் இடத்தில் பின்னால் வரும் வண்டி கண்ணில் படும்வரை நிற்க வேண்டும், அவர் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் நகர வேண்டும். தூசிக்காக நூறு நூற்றைம்பது மீட்டர் இடைவெளி விட்டுப் போனாலும் யாரும் வழி தவறவில்லை. வண்டியை எடுக்கும் முன் அடியில் குனிந்து பார்ப்பதைப் பிள்ளைகளின் பொறுப்பாக்கினோம். பாலைவன ஆமை நிழலுக்கு வந்து படுத்திருக்கும். மூன்று நாளும் ஒரு தடவைகூட அவர்கள் மறக்கவில்லை.

பயணமே நன்றாக அமைந்தது. பியூட் கோட்டையின் இடிந்த சுவர்களுக்குக் கீழே, அந்த வறண்ட மலையிடுக்கில் ஓடை சலசலத்து ஓடுவதைக் கேட்டபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். முதல் முறை அங்கே இறங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. மார்ல் ஸ்பிரிங்ஸைத் தாண்டி, கொடிக்கம்பத்தடியில் இருக்கும் தபால்பெட்டிப் பதிவேட்டில் எல்லோரும் எழுதினோம். கெல்பேக்கரை எட்டும்போது மணி மூன்று. விதிப்படி அன்று ஏரி கிடையாது. ஒருவரும் விவாதிக்கவில்லை. சற்றுத் திரும்பி, முன்பே பார்த்து வைத்திருந்த இடத்தில் கூடாரம் போட்டோம்.

மறுநாள் காலை ஏரிக்கரையில் இறங்கி முதலில் நடந்து பார்த்தோம். குதிகாலால் அழுத்தினால் பதியவில்லை. அரை மைல் நடந்து திரும்பிய பிறகே முதல் வண்டி இறங்கியது. தடத்தைவிட்டு ஒரு அடிகூட விலகாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போனோம். நினைவுக்குவியலருகே பிள்ளைகள் தங்கள் கற்களை வைத்தார்கள். அங்கே ஒரு பலகை இருக்கிறது. அதில் எழுதியிருப்பதைப் போகாதவர்களுக்குச் சொல்வதில்லை என்பது வழக்கம், நானும் சொல்லப்போவதில்லை.

கடைசிச் சிரமம் ஆஃப்டன் கேன்யன். மண்ணுக்கடியில் ஓடும் மொஹாவி ஆறு அங்கே மேலே வந்து ஓடுகிறது, பாதை அதைக் கடக்கிறது. ஆழம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். தண்ணீர் அதிகமிருந்தால் பேசின் ரோடு வழியாக வெளியேறுவதென்று முன்பே எழுதியிருந்தோம். பேசின் ரோட்டில் எதிரே வந்த இரண்டு வண்டிக்காரர்கள், முட்டிக்குக் கீழேதான் என்றார்கள். இருந்தாலும் கேன்யனில் இறங்கியதும் அண்ணன் ஒரு கம்போடு ஆற்றில் இறங்கி அக்கரை வரை நடந்தார். தொடைக்குச் சற்றுக் கீழே வரை வந்தது, அடியில் கெட்டிச் சரளை. ஒரு வண்டி ஏறி அக்கரை சேர்ந்த பிறகே அடுத்தது என்று, ஐந்தும் மெதுவாக, நிற்காமல் கடந்தன. அன்று சாயங்காலம் கேம்ப் கேடி பக்கம் இரண்டு கம்ப்ரெசர்களையும் போட்டு டயர்களுக்குக் காற்றேற்றும்போது, அடுத்த முறை மேற்கிலிருந்து கிழக்கே போனால் எந்த வெட்டில் எத்தனை மணிக்கு நிற்க வேண்டும் என்று பிள்ளைகள் வரைபடத்தை விரித்து வைத்துக் கணக்குப் போட ஆரம்பித்திருந்தார்கள்.