அப்பாவின் மஞ்சள் பையும் ஓடிபியும்

குடியாத்தத்திலிருந்து அப்பாவை முழங்கால் வலிக்காக வேலூருக்கு அழைத்து வந்திருந்தேன். பதிவு கவுன்ட்டரில் இருந்த பெண், "பெரியவரே, போனுக்கு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க" என்றார். அப்பா ரேஷன் கடையில் சொல்வது போலச் சொல்லிவிட்டார். எதற்கு என்று யாரும் விளக்கவில்லை.

அது ஆபா எண்ணுக்காம். 14 இலக்கம். மத்திய அரசு 2021 செப்டம்பரில் நாடு முழுக்க விரித்த டிஜிட்டல் சுகாதாரத் திட்டத்தின் அடையாளம்; கட்டாயமில்லை. எண் எடுத்தாலே எல்லா ஆஸ்பத்திரிக்கும் நம் கோப்பு போய்விடாது. ரிப்போர்ட்டுகள் அவை உருவான இடத்திலேயே இருக்கும். வேறொரு மருத்துவமனை பார்க்க விரும்பினால் நம் போனில் உள்ள ஆபா செயலிக்குக் கோரிக்கை வரும்: யார் கேட்கிறார்கள், எதற்காக, எந்த வகைப் பதிவுகள், எந்தத் தேதி வரை. சிலவற்றை மட்டும் கொடுக்கலாம், மறுக்கலாம், கொடுத்த அனுமதியைப் பிற்பாடு திரும்பப் பெறலாம்.

அப்பாவின் கவலை வேறு. "கால் டாக்டருக்கு நான் மனநல மாத்திரை சாப்பிட்டது எதுக்கும்மா தெரியணும்?" அந்தச் சீட்டை மட்டும் மஞ்சள் பையிலிருந்து உருவி வைத்திருக்கிறார்! எனக்கு இதில் உடன்பாடில்லை. சில வலி மாத்திரைகள் அந்த மருந்துகளோடு சேராது. டாக்டருக்குத் தெரிய வேண்டும். ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். நானோ கவுன்ட்டரோ இல்லை.

சரி, வாட்ஸ்அப்பை என்ன செய்வது? ஒரு ஸ்கேன் சென்டர் அப்பாவின் ரிப்போர்ட்டை எங்களைக் கேட்காமலே வேறொருவர் எண்ணுக்கு அனுப்பியது. அதற்கு எந்தச் செயலியிலும் 'மறு' பொத்தான் கிடையாது.