வெட்டிய பந்தி

2018 நவம்பரில், இலங்கைச் சமாதானப் பேச்சில் நோர்வேயின் தூதுவராக இருந்த எரிக் சொல்ஹெய்ம் ஐ.நா. சுற்றாடல் அமைப்பின் தலைமைப் பதவியை விட்டு விலகிய இரவு, அவரைப் பற்றிய பெட்டிச் செய்தி என் தலையில் விழுந்தது. அதில் ஒரு பந்தி முழுக்க அவருடைய அமைச்சர் காலம். 2005இல் நோர்வேயில் அவருடைய சோசலிச இடதுசாரிக் கட்சி முதல்முறையாக அரசில் சேர்ந்தது, இவருக்குச் சர்வதேச அபிவிருத்தி அமைச்சு கிடைத்தது, 2007இல் சுற்றாடலும் கைக்கு வந்தது, காடழிப்பைக் குறைத்தால் பணம் என்று பிரேசிலுக்கும் பிறகு இந்தோனேசியாவுக்கும் நோர்வே 100 கோடி டொலர் வரை தருவதாகச் சொன்னது.

செய்தி ஆசிரியர் வாசித்தார்.

“எங்கடை சனத்துக்கு உந்தக் காட்டுக் கதை என்னத்துக்கு? வெட்டும்.”

“அண்ணை, அந்தாள் ஆறரை வருசம் மந்திரியா இருந்தவர்.”

“ஓம், அந்த ஆறரை வருசத்துக்குள்ளதான் முள்ளிவாய்க்காலும். அதைப் போட்டனீரோ?”

2002 போர்நிறுத்த உடன்படிக்கையைப் போட்டிருந்தேன். 2009ஐப் போடவில்லை, தெரிந்தேதான். தூது வேறு, அமைச்சு வேறு என்பது என் கணக்கு. 2006இல் தூதுவர் பொறுப்பு ஜோன் ஹன்சன் பௌவரிடம் போய்விட்டதே. ஆனால் அவருக்கு மேலே அமைச்சராக இருந்து இலங்கை விவகாரத்தைத் தொடர்ந்து பார்த்தவரும் சொல்ஹெய்ம்தான். அப்படிப் பார்த்தால் அண்ணை கேட்டது நியாயம். அந்த வசந்தத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு அமேசன் காட்டை ஏன் காட்ட வேண்டும்?

சரி, அந்தத் தாய்க்காக மட்டுமா பத்திரிகை அடிக்கிறோம்? பந்தியை எடுத்தபின் மிஞ்சியது விசித்திரமான ஆள்: 1987இல் 32 வயதில் கட்சித் தலைவர், பிறகு சமாதானத் தூதுவர், பிறகு திடீரென்று உலகச் சுற்றாடலின் பெரியவர். இடையில் என்ன நடந்தது? விலகலின் காரணமும் பாதி செத்துவிட்டது. கணக்காய்வாளர்கள் பார்த்த 668 நாட்களில் 529 நாட்கள் அவர் பயணத்தில். செலவு ஏறத்தாழ 5 லட்சம் டொலர். கரியமிலவாயுவைக் குறையுங்கள் என்று நாடு நாடாகச் சொன்னவர் என்பது தெரிந்தால்தான் அது உறைக்கும். தெரியாவிட்டால் வெறும் விமானச் சீட்டுக் கணக்கு.

இரண்டையும் போட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் பெட்டிச் செய்தி எழுதிப் பார்க்காதவர்கள். 2009ஐ ஒரு வரியில் எழுத முடியாது; எழுதினால் அது மீதி எல்லாவற்றையும் தின்றுவிடும். நோர்வே தன் சமாதான முயற்சி ஏன் தோற்றது என்று வெளியாட்களைக் கொண்டு 2011இல் தனி அறிக்கையே போட்டது. எனக்கு இருந்தது அரை நிரல். பந்தியை வெட்டினேன், முள்ளிவாய்க்காலையும் சேர்க்கவில்லை. அண்ணை பிறகு அதைப் பற்றிக் கேட்கவேயில்லை. நேரமாகிவிட்டதாலா, அல்லது அவருக்கும் காட்டை அகற்றினாலே போதுமாக இருந்ததா என்று இன்னும் யோசிக்கிறேன்.

2022இல் தமிழ்நாட்டு முதலமைச்சர் தலைமையிலான காலநிலை மாற்றக் குழுவில் சொல்ஹெய்மின் பெயர் வந்தது. அண்ணை அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். செய்தியை நான்தான் எழுதினேன்: “இலங்கைக்கான முன்னாள் சமாதானத் தூதுவர்.” சுற்றாடல் அமைச்சராக இருந்ததைச் சேர்க்கவில்லை. வாசகருக்கு ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே.